தை மாதத்து விலை

அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் சொத்து பாகம் பிரிக்கிற வழக்கம் இதுதான். மூத்தவன் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்து வைப்பான். இளையவன் தனக்குப் பிடித்த பங்கை எடுத்துக்கொள்வான். மிச்சம் மூத்தவனுக்கு. எந்தப் பங்கு தனக்கு வரும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாததால் அவன் ஒழுங்காகத்தான் பிரித்தாக வேண்டும். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்திலேயே கிடையாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். இதை ஏற்படுத்திய மனிதர் புத்திசாலிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னைப் போல ஒருவன் பிறப்பான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

1991, தை மாதம். நான் பிரித்தேன். என் தம்பி எடுத்தான்.

எங்களிடம் இருந்தது அப்படியொன்றும் பெரிய சொத்து இல்லை. வடக்குப்பட்டில் கிணற்றோடு சேர்ந்த கொஞ்சம் நஞ்சை நிலம், ஒரு வீடு, ஒரு மிலிட்டரி லாரி. வீட்டை நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதி என்பதில் சண்டைக்கே இடமில்லை. ஆக, நிலம் ஒரு பங்கு, லாரி ஒரு பங்கு. ஒரு பழைய லாரியும் கிணற்றுப் பாசன நிலமும் எப்படிச் சமமாகும் என்று இன்றைக்குக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. லாரிப் பக்கம்தான் தட்டு தாழ்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா அதை மிலிட்டரி ஏலத்தில் எடுத்தார். ராணுவம் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட பெட்ரோல் வண்டி. எஞ்சின் கிளம்பாது. இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டுதான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அதைப் பிரித்துக் கழுவி, இல்லாததை வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டு ஓட வைக்க மூன்று மாதம் ஆனது. மிலிட்டரிப் பச்சையில் வெளியாட்கள் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் செங்கல் நிறத்தில் பெயின்ட் அடித்தார் அப்பா. பானெட்டைத் தூக்கினால் மட்டும் உள்பக்கம் பழைய பச்சையும் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பரும் தெரியும்.

மற்ற லாரிகளுக்குப் பின் சக்கரம்தான் இழுக்கும். இதற்கு முன் சக்கரமும் இழுக்கும். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிப் போட்டிருப்பார்கள், அப்போது பார்த்து மழை பிடித்துக்கொள்ளும். ஏரியில் வண்டல் எடுக்கிற காலத்தில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே களி. சாதாரண லாரி இறங்கினால் அச்சு வரை புதைந்து, ஆள் வைத்துத் தள்ளி, கடைசியில் எங்கள் வண்டியைத்தான் கூப்பிட வருவார்கள். படப்பையிலிருந்து ஒரகடம் தாண்டி இந்தப் பக்கம் முழுக்கத் தேடினால் அந்த மாதிரி ஓடுகிற வண்டி மூன்று நான்குதான் இருந்தன. காண்டிராக்டர்கள் முதல் நாளே வந்து சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கேட்டதுதான் வாடகை.

வண்டியை ஓட்டியது அப்பா. அப்பாவுக்குப் பிறகு தம்பி. நான் ஓட்டவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு தடவை சாவியைக் கையில் கொடுத்தார் அப்பா. பின்னால் எடுக்கப் போய் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையைச் சாய்த்துவிட்டேன். மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தன. அப்பா திட்டக்கூட இல்லை. என் கையிலிருந்து சாவியை வாங்கி, என்னைவிட ஐந்து வயது சின்னவனான தம்பியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து முன் சீட்டு அவனுடையது. நான் பின்னால் கட்டை மேல். ஊரே அவனை ‘வண்டிக்காரர் புள்ள’ என்றது. நானும் அந்த வண்டிக்காரரின் பிள்ளைதான் என்பது யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. இது சின்ன விஷயம் என்று எனக்கும் தெரியும். சின்ன விஷயத்தைப் பதினைந்து வருஷம் வயிற்றில் வைத்திருந்தால் அது என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா போய் மூன்று வருஷம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம் ஆனது. அவன் மனைவி உண்டானாள். வீடு போதவில்லை. சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே, தைப் பொங்கல் கழிந்து பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. தாய்மாமா வந்து உட்காருவதாகச் சொன்னார்.

அதற்கு முந்தைய மார்கழியில் படப்பை முதலாளி என்னை மிலிட்டரி டிப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏலத்தில் பழைய ராணுவ வண்டிகளை எடுத்து விற்கிறவர் அவர். பெயருக்குத்தான் முதலாளி, அவரும் சட்டைப் பை கிழிந்த ஆள்தான். ஏலத்துக்கு முன்னால் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாள் விடுவார்கள். எங்கள் வண்டிக்கு ஒரு கியர் பாக்ஸ் தேவைப்பட்டது. தம்பிக்கு அன்றைக்கு சவுக்கு லோடு. அதனால் நான் போனேன். அவன் போயிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

வழக்கமாகக் கழித்த வண்டிகள் நிற்கிற மைதானத்தில் எங்கள் வண்டியின் பங்காளிகள்தான் துருப்பிடித்து நிற்கும். அன்றைக்கு அவை ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் வரிசை வரிசையாக வேறு வண்டிகள். எங்களுடையதைவிடப் பெரியவை. அவற்றிலும் முன் சக்கரம் இழுக்கும்; ஆனால் எல்லாம் டீசல். ராணுவம் இன்னும் புதிதாக எதையோ வாங்குகிறதாம். அதனால் இவ்வளவு நல்ல வண்டிகளைக் கழித்துவிட்டது. முதலாளி ஒரு டயரை விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லா பாத்துக்கோப்பா. டயருல பல்லு கூட தேயல. இன்னும் மூணு நாலு ஏலத்துக்கு இதுங்கதான் வரப் போவுதாம். உள்ள விசாரிச்சுட்டேன்.”

“அப்ப நம்ம வண்டி?”

“இன்னா நம்ம வண்டி? பெட்ரோல ஊத்திகினு பாதி லோடு அடிக்கிற வண்டிய எவன் கூப்புடுவான்? காயலாங்கடைக்குத்தான். இரும்பு எடைக்கு.” சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டார். “ஊருக்குப் போயி வாயத் தொறந்துடாத. என் கையில நாலு பழசு நிக்குது. அதுங்கள தள்ளி வுட்டுட்டு அப்பறம் பேசிக்கலாம்.”

“நான் ஏன் சொல்லப் போறேன்” என்றேன்.

அவர் சொன்ன ‘சொல்லாதே’ ஊரில் உள்ளவர்களுக்கு. என் கூடப் பிறந்தவனிடம் சொல்லக் கூடாது என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போதே, வாக்குக் கொடுத்துவிட்டேன், யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். திருடனுக்கு இருட்டு கிடைத்த மாதிரி எனக்கு அந்த வாக்கு கிடைத்தது.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஒங்க தம்பி கிட்ட சொல்லிட்டீங்களா?”

“வந்ததும் சொல்லிட்டேன்” என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன். எனக்கு அவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாகம் பிரித்த அன்று மாமா வந்தார். ஊரிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். வண்டிக்கு ஒரு மதிப்புச் சொல்லட்டும் என்று மாமாவே படப்பை முதலாளிக்கு ஆள் அனுப்பியிருந்தார். முதலாளி வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே ஒரு விலை சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. “குடுக்கறதா இருந்தா நானே எடுத்துக்குவேன்” என்று வேறு சேர்த்தார். கையில் நான்கு பழைய வண்டியை வைத்திருக்கிற ஆள் வேறு என்ன சொல்வார்? சொல்லும்போது என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பிரித்தேன். ஒரு பக்கம் நிலம், கிணறு, மோட்டார். இன்னொரு பக்கம் வண்டி. வண்டியோடு ஷெட்டில் கிடந்த இன்னொரு எஞ்சின், இரண்டு டயர், அப்பாவின் கருவிப் பெட்டி, புதிதாக வாங்கி வந்த கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்தேன். தாராளமாகச் சேர்த்தேன். மாமா என்னைப் பார்த்து, “வண்டிப் பக்கம் ரொம்ப வெச்சிட்டியேப்பா, ஒனக்கு நெலந்தான் வந்தா இன்னா பண்ணுவ?” என்றார். “வந்தா வருது மாமா” என்றேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

“இன்னாப்பா, எத எடுத்துக்கற?” என்று மாமா தம்பியிடம் கேட்டார்.

கேட்டதும் வண்டியைக் காட்டிவிடுவான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் காட்டவில்லை. வாசற்படிக்கு உள்ளே நின்ற அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணால் நிலத்துப் பக்கம் காட்டினாள். வயிற்றில் பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு ஓடுகிற பொருளைவிட ஓடாத பொருள் மேல்தானே நம்பிக்கை வரும். அவன் தலையைச் சொறிந்தான். வண்டியைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து எனக்கு நேரே நின்றான்.

“நீயே சொல்லுண்ணா. எத எடுக்கட்டும்?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிலத்த எடுத்துக்கடா என்று. வண்டி வேணாம்டா, நான் டிப்போவுல ஒண்ணு பாத்தேன் என்று. உள்ளே வாடா, ஒரு விஷயம் என்று. எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். எதுவும் நாக்கில் நிற்காத அளவுக்குப் பெரியது இல்லை.

அன்றைக்கு நான் சொன்னது இது: “பிரிச்சவன் வாயத் தொறக்கக் கூடாதுடா. அது மொற இல்ல.”

வந்திருந்த பெரியவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். “வளத்தா இப்டி வளக்கணும் புள்ளைங்கள” என்றார் ஒருவர். செத்துப்போன அப்பாவுக்குக் கூட அதில் பங்கு கிடைத்தது.

தம்பி மாமா பக்கம் திரும்பினான்.

“வண்டிய நான் எடுத்துக்கறேன் மாமா. அண்ணனுக்கு வண்டி போச்சுன்னா அதால ஓட்ட முடியாது. ஆள் வெச்சுத்தான் ஓட்டணும். கூலிக்கு ஓட்டறவன் ஒரு வருசத்துல வண்டியயும் ஒழிச்சு அண்ணனயும் ஒழிச்சுடுவான். நெலம்னா அண்ணனே பாத்துக்கும்.”

எனக்காக எடுத்தான். இவ்வளவு பேர் காது கேட்கச் சொல்லிவிட்டு எடுத்தான்.

அன்று மத்தியானம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இறங்கியது.

மாசி, பங்குனியில் ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் படப்பை முதலாளியின் ஷெட்டில் முதல் நான்கு டீசல் வண்டிகள் வந்து நின்றன. வைகாசிக்குள் எங்கள் சுற்று வட்டத்தில் மட்டும் அந்த மாதிரி ஏழு வண்டிகள் ஓடின. சவுக்குக் காண்டிராக்டர் ஒருவர் வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டுத் தானே ஒன்றை வாங்கிவிட்டார். செங்கல் சூளைக்காரர் ஒன்று வாங்கினார். எங்கள் வண்டி இரண்டு நடையில் அடிக்கிற வண்டலை அவை ஒரே நடையில் அடித்தன. டீசல் எங்கே, பெட்ரோல் எங்கே! எங்களுக்கென்று ஒரு வித்தை இருந்ததே, சேற்றில் புதையாமல் ஏறுவது, அது எல்லோருக்கும் வந்துவிட்டது. எல்லோருக்கும் வந்த வித்தைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அந்த மே மாதத்தில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து எங்கள் பக்கத்து ஊரின் பெயரை உலகமே சொன்னது. ரோடு முழுக்க போலீஸ். வண்டி வாகனம் எதுவும் ஓடவில்லை. ஜனங்கள் கூடிக் கூடி நாட்டைப் பற்றிப் பேசினார்கள். லோடு குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று தம்பி பிடிவாதமாக நம்பினான். “ரோடு சரியாவட்டும்ண்ணா. எல்லாம் பழையபடி வந்துடும்” என்று என்னிடம் வந்து சொன்னான். எதுவானாலும் என்னிடம்தான் வருவான். ரோடு சரியாகி ஒரு மாதம் ஆன பிறகும் வந்தான். நான் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து ஒரு புல்லைப் பிடுங்கி மென்றான்.

“எனக்கு ஒண்ணுதாண்ணா புரியல. வண்டில ஒரு போல்ட்டு கூட லூஸ் ஆவல. தை மாசம் எப்டி ஓடுச்சோ அப்டியே தான் கீது. இன்னும் சொல்லப்போனா புது கியர் பாக்ஸ் போட்ட பின்னாடி நல்லாவே ஓடுது. எப்டிண்ணா வெல மட்டும் போவும்?”

அவன் கேட்டது சரியான கேள்வி. வண்டியின் விலை வண்டியில் இல்லை. அது எங்கேயோ ஒரு மைதானத்தில், நாம் பார்க்காத வேறு வண்டிகளில் இருக்கிறது. அவை வெளியே வராத வரைக்கும் நம்முடையது தங்கம். வந்த அன்றைக்கு இரும்பு. இது எனக்கு மார்கழியிலேயே தெரியும். தெரிந்துகொண்டு, “நேரம் சரியில்லடா, வேற இன்னா” என்றேன்.

அவன் போன பிறகு என் மனைவி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“ஒங்க தம்பி கிட்ட சொல்லிட்டேன்னீங்களே?”

நான் மண்வெட்டியைக் கழுவப் போனேன். அன்றிலிருந்து அவள் என்னை எதுவுமே கேட்பதில்லை. சொல்வதோடு சரி.

ஆடி மாதத்தில் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டான். “நீயும் கூட வாண்ணா. பெரியவங்க ஒருத்தர் பேசுனா வெல படியும்” என்றான். அந்த வண்டியின் முன் சீட்டில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரத்துத் தகரம் முழங்கையில் சுட்டது. படப்பை வரைக்கும் அவன் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். மூக்கு அப்பா மூக்கு மாதிரியே இருக்கிறதாம்.

முதலாளியின் ஷெட் வாசலில் புதிதாக வந்த டீசல் வண்டிகள் நின்றன. நான் டிப்போவில் பார்த்த அதே வரிசை. இப்போது பச்சை போய் மஞ்சள் அடித்திருந்தார்கள். கதவு ஓரங்களில் மட்டும் பச்சை எட்டிப் பார்த்தது. முதலாளி எழுந்து வந்து எங்கள் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. இரும்பு எடைக்கு என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“இன்னா மொதலாளி இப்டி சொல்ற? அன்னிக்குப் பஞ்சாயத்துல நானே எடுத்துக்குவேன்னியே?” என்றான் தம்பி. கோபமாகக் கூடக் கேட்கவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் கேட்டான்.

“அது தை மாசத்து வெலப்பா. தை மாசத்து வெலய ஆடில கேட்டா?” என்று முதலாளி சிரித்தார். பிறகு, தன் மேல் தப்பில்லை என்று காட்டுவதற்காக இருக்க வேண்டும், என்னைக் கை காட்டினார். “இதுல ஒளிவு மறைவு இன்னா கீது? ஒங்கண்ணனுக்குத் தெரியாததா? மார்கழியில டிப்போவுல எம் பக்கத்துல நின்னுகினு தானே இத்தன வண்டியயும் பாத்தாரு. ஒனக்கு சொல்லலியா?”

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எதையாவது உளறியிருப்பேன். அவன் மஞ்சள் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான், எண்ணுகிற மாதிரி. பிறகு, “சரி மொதலாளி, நாளைக்குக் கொண்டாந்து வுட்டுட்றேன். குழந்தைக்குக் கொஞ்சம் சாமான் கீது வண்டில, எடுத்துக்கணும்” என்றான். போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். நான் ஏறும்வரை காத்திருந்தான்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் எப்போதும் நிறுத்துகிற டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். இறங்கிப் போய் இரண்டு டீ சொன்னான். “ஒண்ணுல சக்கர கம்மியா போடு, அண்ணனுக்கு” என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. டீயைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தான். என்னைத் திட்டியிருக்கலாம். அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். நாலு பேர் பார்க்க ஒரு அறை விட்டிருந்தால் இன்றைக்கு அவனோடு பேசிக்கொண்டிருப்பேன். டீயை வாங்கிக் கொடுத்துவிட்டான். அதை நான் குடித்தேன்.

மறுநாள் வண்டி போனது. அதை காஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக வெட்டியதாகக் கேள்விப்பட்டேன். நான் பார்க்கப் போகவில்லை. அடுத்த வாரம் தம்பி அதே முதலாளியிடம் சம்பளத்துக்கு டிரைவராகச் சேர்ந்தான். கூலிக்கு ஓட்டுகிறவன் வண்டியை ஒழித்துவிடுவான் என்று மாமாவிடம் சொன்னவன், கூலிக்கு மஞ்சள் வண்டி ஓட்டினான். எங்கள் நிலத்தை ஒட்டின ரோட்டில்தான் போவான், வருவான். முன்பெல்லாம் நிலத்துப் பக்கம் வரும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்; நான் தலையைத் தூக்கினால் கை காட்டிவிட்டுப் போவான். மஞ்சள் வண்டியில் ஹாரன் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை.

நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் குழந்தை அழுவது இந்தப் பக்கம் கேட்கும். என் மனைவி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், கொஞ்சுவாள், நான் வந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். அவளும் தம்பி மனைவியும் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். தம்பியும் என்னை எங்கே பார்த்தாலும் “சாப்டியாண்ணா” என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் போல ஒரு குடும்பம் உண்டா என்று தோன்றும். மாமாவுக்கு அப்படித்தான் தோன்றியது. போகிற இடமெல்லாம் எங்கள் பாகப் பிரிவினையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒருவரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. தம்பி கூடச் சொல்லவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்து நிலம் ஊறிக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. நல்லவனாக மாறிவிட்டேன் என்று சொல்லவில்லை. ஹாரன் அடிக்காமல் போகிற வண்டியின் சத்தத்தைத் தினமும் இரண்டு தடவை கேட்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் கயிறு பிடித்து அளந்து நிலத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஐந்து கல் நட்டேன். கிணறு ஒரு பக்கம் வந்தது. அதற்குச் சரிக்கட்ட இன்னொரு பக்கம் கொஞ்சம் அகலம் கூட வைத்தேன். இந்த முறை ஒழுங்காகத்தான் பிரித்தேன். எந்தப் பங்கு வந்தாலும் எனக்குச் சம்மதம் என்பது மாதிரிப் பிரித்தேன். பிறகு ரோட்டு ஓரத்தில் போய் நின்றேன்.

மஞ்சள் வண்டி வந்தது. கையைக் காட்டினேன். நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. காக்கிச் சட்டை போட்டிருந்தான். மேல் பட்டன் இரண்டும் இல்லை. டீசல் சத்தத்தில் நான் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“கல்லு நட்டுக்கீறேன்டா. ரெண்டா பிரிச்சுட்டேன். எறங்கி வந்து பாரு. ஒனக்கு எது வேணுமோ நீ மொதல்ல எடுத்துக்க.”

அவன் ஜன்னலிலிருந்து கல்லைப் பார்த்தான். ஐந்து கல்லையும் பார்த்தான். கிணற்றைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ பிரிச்சு நான் ஒரு வாட்டி எடுத்தாச்சுண்ணா. அதுவே போதும்” என்றான். “சாப்டியா?”

“சாப்ட்டேன்.”

“மழ வரும் போலக்கீது. உள்ள போ.”

கியரைப் போட்டு நகர்த்தினான். ரோட்டு ஓரம் சேறாகக் கிடந்தது. வண்டி கொஞ்சம்கூடத் திணறவில்லை. நான்கு சக்கரமும் இழுத்து ஏறிப் போய்விட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கல் ஐந்தும் ஒரு வாரம் அப்படியே நின்றன. அடுத்த வாரம் உழ ஆள் வந்தபோது, “நடுவுல இன்னாத்துக்குங்க கல்லு?” என்று கேட்டான். பிடுங்கி வரப்பில் போடச் சொன்னேன். அந்த வருஷம் நல்ல மழை. நிலம் முழுவதிலும் நானே நடவு வைத்தேன்.